பதினாறு பைட்டுகளுக்குள் பிறந்த விதி

சி மொழியைக் கற்கப் புகும் மாணவர், ஓர் எண்ணைச் செயற்கூறு ஒன்றுக்கு அனுப்பினால் அதன் பிரதியே செல்கிறது என்றும், அப்பிரதியை அங்கே எப்படி மாற்றினாலும் இங்குள்ள மூலத்துக்கு ஒரு விகற்பமும் நேர்வதில்லை என்றும் ஓர் அத்தியாயத்தில் படித்து மனத்தில் நிறுத்திக்கொண்ட பிறகு, சில பக்கங்களுக்கு அப்பால், எண்கள் பலவற்றை வரிசையாகக் கொண்ட அணியை அனுப்பினால் மூலமே மாற்றத்துக்கு ஆளாகும் என்றும், அவ்வணியில் எத்தனை உறுப்புகள் உள்ளன என்பதை அதைப் பெற்றுக்கொண்ட செயற்கூறு அறிய வழியே இல்லை என்றும் படிக்க நேரும்போது, ஒரே மொழிக்குள் இரண்டு நியாயங்கள் நிலவுவதாக எண்ணித் திகைப்பது இயல்பே. அணிகள் பெரியவை, அவற்றைப் பிரதி எடுத்தால் நேரமும் இடமும் வீணாகும், ஆகையால் முகவரியை மட்டும் அனுப்புகிறார்கள் என்று இதற்கு ஒரு சமாதானம் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அந்தச் சமாதானத்தில் பொய் எதுவும் இல்லை. எனினும் இந்த விதி பிறந்தது அந்த ஆலோசனையால் அன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மரே ஹில் என்னும் ஊரிலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில், 1969க்கும் 1973க்கும் இடைப்பட்ட காலத்தில், பி என்று பிறந்து, என்.பி. என்று வளர்ந்து, சி என்று நிலைபெற்ற ஒரு மொழியின் சரித்திரத்திலேயே அதன் காரணம் அடங்கியிருக்கிறது. அந்தச் சரித்திரத்தை அறிந்தவருக்கு இந்த விதி மனப்பாடம் செய்யவேண்டிய விநோதமாக இராமல், இன்ன நிர்ப்பந்தத்தால் இன்ன முடிவு நேர்ந்தது என்று படிப்படியாக விளங்கும் தர்க்கமாகவே தோன்றும்.

அணியைச் செயற்கூற்றிடம் எப்படி ஒப்படைப்பது என்ற கேள்வி சி மொழிக்கு முன்பே எழுந்து, பல வகையாக விடையும் பெற்றிருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸின் தலைமையில் 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான், அடுத்த ஆண்டு தன் இரண்டாம் வடிவத்தில் துணை நிரல்களை ஏற்றுக்கொண்டபோது, எண்ணாயினும் அணியாயினும் முகவரியையே அனுப்பும் சம்பிரதாயத்தை மேற்கொண்டது. அணியின் அளவைத் துணை நிரலுக்குள் மறுபடியும் எழுதிவைப்பது நிரலரின் பொறுப்பாயிற்று. ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர்கள் கூடி வகுத்த அல்கோல் 60, மதிப்பாக அனுப்புக என்று குறித்தால், அணி முழுவதையும் பிரதி எடுத்துக் கொடுக்கவும் இடம் தந்தது. அல்கோலை யந்திரங்களில் செயற்படுத்தியவர்களோ அணியோடு அதன் எல்லைகளையும் ஒரு சிறு குறிப்பாக எழுதிச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். பரோஸ் நிறுவனத்தின் பி5000 என்னும் கணினி, 1960களின் தொடக்கத்திலேயே, அத்தகைய குறிப்பை வன்பொருளிலேயே அமைத்து, அணியின் எல்லையைக் கடக்க முற்பட்ட நிரலைத் தானே தடுத்து நிறுத்திற்று. இங்கிலாந்தில் எலியட் கணினிகளுக்கு அல்கோல் கம்பைலர் செய்தளித்த டோனி ஹோர், 1980ஆம் ஆண்டு டூரிங் பரிசு பெற்று ஆற்றிய சொற்பொழிவில், வேகத்தை முன்னிட்டு எல்லைச் சோதனையை நிறுத்திக்கொள்ளும் வசதி வேண்டுமா என்று தம் வாடிக்கையாளர்களைக் கேட்டபோது, அவர்கள் ஏகமனதாக வேண்டாம் என்று மறுத்ததை நினைவுகூர்ந்திருக்கிறார். ஆகவே அணியின் நீளமும் அணியோடு செல்லவேண்டும் என்ற ஞானம் அக்காலத்து உலகுக்குப் புதியதொன்றாக இருக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையாகும்.

ஆனால் மரே ஹில்லில் இருந்தவர்களுக்கு வாய்த்த கணினி அத்தகைய சம்பத்து உடையது அன்று. எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் கூடி மேற்கொண்ட மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து பெல் ஆய்வுக்கூடம் 1969இல் விலகிக்கொண்டபோது, அத்திட்டத்தில் உழைத்துவந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அவர்தம் தோழர்களும் தங்கள் மனத்துக்கு இசைந்த வேலைச்சூழல் ஒன்றைத் தாங்களே சிருஷ்டித்துக்கொள்ள விரும்பி, அதிகம் பயன்படுத்தப்படாமல் கிடந்த பி.டி.பி-7 என்னும் சிறு கணினியை நாடினார்கள். 18 பிட்டுகள் கொண்ட சொற்கள் 8192 மட்டுமே அதன் நினைவகம். அந்தக் குறுகிய இடத்துக்குள் யூனிக்ஸ் என்னும் இயக்கமுறைமையின் முதல் வடிவத்தை எழுதி முடித்த தாம்சன், அதற்கென்று ஒரு மொழி வேண்டும் என்று கருதி, முதலில் ஃபோர்ட்ரானையே கொண்டுவர முயன்று, விரைவிலேயே அந்த எண்ணத்தைக் கைவிட்டு, பி.சி.பி.எல். என்னும் மொழியை எட்டாயிரம் சொற்களுக்குள் அடங்கும்படி சுருக்கி, பி என்று பெயரிட்டார். அந்தப் பி.சி.பி.எல்., கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் எம்.ஐ.டி.க்கு வந்து தங்கியிருந்த காலத்தில், 1967ஆம் ஆண்டை ஒட்டி வகுத்தது. கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி முதலியோர் கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் திட்டமிட்ட சி.பி.எல். என்ற விரிவான மொழியின் எளிய வழித்தோன்றல்.

பி.சி.பி.எல்.லுக்கும் பி மொழிக்கும் பொதுவான ஒரு தத்துவம் உண்டு. அணிகளைப் பற்றிய நம் விசாரணைக்கு அதுவே ஆதாரம். அவ்விரு மொழிகளிலும் வகைகள் என்பவை இல்லை. நினைவகம் என்பது ஒரே அளவுள்ள அறைகள் வரிசையாக நீண்டுசெல்லும் ஒரு வெளி. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. அறைக்குள் இருப்பது ஓர் எண்ணா, ஓர் எழுத்தா, வேறோர் அறையின் எண்ணா என்பதை மொழி அறியாது, அறிய விரும்பவும் இல்லை. அதை எப்படிப் பயன்படுத்துகிறோமோ அப்படியே அது பொருள்படும். இத்தகைய உலகில் பத்து உறுப்புகள் கொண்ட அணி ஒன்று வேண்டும் என்று நிரலர் எழுதினால், கம்பைலர் பத்து அறைகளை ஒதுக்குவதோடு நிற்காமல், பதினோராவதாக ஓர் அறையையும் தனியே ஒதுக்கி, பத்தில் முதலாவதன் எண்ணை அந்தத் தனியறையில் எழுதிவைக்கும். அணியின் பெயர் குறிப்பது அந்தத் தனியறையைத்தான். ஐந்தாவது உறுப்பு வேண்டுமென்றால், தனியறையில் உள்ள எண்ணோடு நான்கைக் கூட்டி, வந்த எண்ணுள்ள அறையைப் பார்த்தால் போதும். அணிகளின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்காமல் சூனியத்திலிருந்து தொடங்குவதும் இந்தக் கூட்டலின் இயல்பான பலனே.

இப்போது செயற்கூற்றுக்கு அணியை அனுப்புவது எவ்வளவு எளிய காரியமாகிவிடுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். எண்ணைக் கொண்ட மாறியும் ஓர் அறை. அணியின் பெயரால் குறிக்கப்படுவதும் ஓர் அறை. செயற்கூற்றை அழைக்கும்போது அறையில் உள்ளதைப் பிரதி எடுத்து அனுப்புவது என்ற ஒரே நியாயம் இரண்டுக்கும் ஒருங்கே பொருந்துகிறது. பெற்றுக்கொண்ட செயற்கூறு தன் அறையில் வந்து விழுந்த எண்ணை முகவரியாகக் கொண்டு பார்த்தால், அழைத்தவரின் உறுப்புகளே அங்கே தெரிகின்றன. விதிவிலக்கு என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. அணியின் பெயர் உண்மையிலேயே ஓர் அறையாக இருந்தபடியால், அதில் வேறோர் எண்ணை இட்டு, அணியை வேறிடத்துக்கு நகர்த்திக்கொள்வதும் பி மொழியில் செல்லும். இந்த எளிமையில் ஒரு பூரணத்துவம் இருந்ததாகவே நான் கருதுகிறேன். பின்னால் வந்த சிக்கல்கள் எல்லாம், இந்தப் பூரணமான எளிமையை மாறிய சூழலுக்கு ஏற்பக் காப்பாற்ற முயன்றதால் விளைந்தவை.

சூழல் 1970இல் மாறியது. அந்த ஆண்டு மரே ஹில்லுக்கு வந்துசேர்ந்த பி.டி.பி-11, 24 ஆயிரம் பைட்டு நினைவகம் கொண்டது; அதில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி உண்டு. எழுத்து ஒரு பைட்டு, முழு எண் இரண்டு பைட்டு என்று அளவுகள் வேறுபட்டவுடன், எல்லா அறைகளும் சமம் என்ற பி மொழியின் அடிப்படையே ஆட்டங்கண்டது. எழுத்துகளைக் கையாளுவது மிகுந்த தொல்லையாயிற்று. முகவரிகளைச் சொல்லின் எண்ணாகக் கருதிவந்த மொழி, ஒவ்வொரு முறையும் அதைப் பைட்டின் எண்ணாக மாற்றிக்கொள்ளவேண்டியிருந்ததால் வேகமும் குறைந்தது. புள்ளி எண்களுக்கான வன்பொருள் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பும் உடன் சேர்ந்தது. ஆகையால் ரிட்சி 1971இல் பி மொழிக்கு வகைகளைச் சேர்க்கத் தொடங்கி, முழு எண், எழுத்து என்னும் இரண்டையும், அவற்றின் அணிகளையும், அவற்றைச் சுட்டும் பாயின்டர்களையும் கொண்ட மொழியாக அதை விரித்து, புதிய பி என்ற கருத்தில் என்.பி. என்று அழைத்தார். வகைகள் வந்தனவே தவிர, அணியின் அமைப்பில் அவர் கைவைக்கவில்லை. பெயருக்குத் தனியறை, அதற்குள் முகவரி என்ற பழைய ஏற்பாடே அப்போதும் நீடித்தது.

அந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஒரு சிறிய வஸ்து: யூனிக்ஸின் கோப்பகப் பதிவு. யூனிக்ஸில் கோப்பகம் என்பதே ஒரு கோப்பு. அந்நாளில் அதில் ஒவ்வொரு கோப்புக்கும் 16 பைட்டுகள் இருந்தன. முதல் இரண்டு பைட்டுகளில் கோப்பின் வரிசை எண்ணும், எஞ்சிய பதினான்கில் அதன் பெயரும் எழுதப்பட்டிருக்கும். பல வகைப்பட்டவற்றை ஒரே பொருளாகத் திரட்டும் கட்டுரு என்னும் அமைப்பை மொழிக்குள் கொண்டுவர முனைந்த ரிட்சி, ஒரு முழு எண்ணும் பதினான்கு எழுத்துகள் கொண்ட ஓர் அணியும் சேர்ந்த கட்டுரு, வட்டில் கிடக்கும் அந்தப் பதினாறு பைட்டுகளோடு இம்மியும் பிசகாமல் பொருந்தவேண்டும் என்று விரும்பினார். பொருந்தினால், வட்டிலிருந்து படித்ததை அப்படியே கட்டுருவாகப் பாவித்துப் பெயரைப் பார்க்கலாம். ஆனால் அணியின் பெயருக்குரிய தனியறையை எங்கே வைப்பது? கட்டுருவுக்குள் வைத்தால் பதினாறு பைட்டு பதினெட்டு ஆகிவிடும்; வட்டில் அப்படியொரு முகவரி எழுதப்பட்டிருக்கவில்லை, எழுதினாலும் அதற்கு அர்த்தமில்லை. எவர் கண்ணுக்கும் படாமல் வேறெங்கேனும் ஒளித்துவைக்கலாம் என்றால், கட்டுருவுக்குள் அணி, அவ்வணிக்குள் கட்டுருக்கள், அவற்றுக்குள் மறுபடி அணிகள் என்று செல்லும்போது, இடம் ஒதுக்கப்படும் ஒவ்வொரு முறையும் இத்தனை முகவரிகளையும் யார் எழுதி நிரப்புவது என்ற கேள்வி எழுகிறது.

ரிட்சி கண்ட தீர்வு, இந்த மொழியின் சரித்திரத்திலேயே தலையாய தாண்டல் என்று சொல்லத்தக்கது. 1993இல் நிரல்மொழிகளின் வரலாறு பற்றிய மாநாட்டுக்கு அவர் எழுதிய கட்டுரையில், வகையற்ற பி.சி.பி.எல்.லுக்கும் வகையுள்ள சி மொழிக்கும் இடையே நிகழ்ந்த முக்கியமான பாய்ச்சலாக அவரே இதைக் குறிப்பிடுகிறார். தனியறையை அவர் அடியோடு நீக்கிவிட்டார். அணி என்பது இனி அதன் உறுப்புகள் மட்டுமே. பதினான்கு எழுத்துகளின் அணி பதினான்கு பைட்டுகளையே அடைத்துக்கொள்ளும். பழைய தனியறையில் எழுதப்பட்டிருந்த முகவரியோ, அணியின் பெயரைக் கோவை ஒன்றில் எப்போது குறிப்பிடுகிறோமோ அப்போது, அந்த இடத்திலேயே, முதல் உறுப்பின் பாயின்டராகக் கம்பைலரால் உண்டாக்கிக் கொடுக்கப்படும். நினைவகத்தில் ஸ்தூலமாக இருந்த முகவரி, இவ்வாறு கணத்தில் தோன்றி மறையும் ஒரு மதிப்பாயிற்று. இதன் அருமை என்னவென்றால், பி மொழியில் எழுதிப் பழகியவர்களின் நிரல்கள் பெரும்பாலும் அப்படியே செல்லுபடியாயின. அணியின் பெயரோடு எண்ணைக் கூட்டுவதும், உறுப்பை எடுப்பதும், செயற்கூற்றுக்கு அனுப்புவதும் முன்போலவே நடந்தன. உள்ளே அஸ்திவாரம் முழுவதும் மாறியிருந்தது. 1973ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சி மொழியின் சாரமான பகுதிகள் நிறைவெய்தின. முந்திய ஆண்டில் கட்டுருக்கள் இல்லாத நிலையில் தாம்சன் முயன்று கைவிட்ட பணி, அதாவது யூனிக்ஸின் கருப்பகுதியைச் சி மொழியில் திரும்ப எழுதும் பணி, அந்தக் கோடையில் முடிவடைந்தது.

செயற்கூற்றுக்கு அணியை அனுப்புவது குறித்துச் சி மொழியில் தனிப்பட்ட விதி எதுவும் இல்லை என்பதை இந்தச் சரித்திரம் தெளிவாக்குகிறது. அழைப்பில் எழுதப்படும் அணியின் பெயர் ஒரு கோவை. கோவையில் வரும் அணிப்பெயர் பாயின்டராகும் என்பது பொது விதி. அந்தப் பாயின்டர், எந்த எண்ணையும் போலவே, பிரதி எடுக்கப்பட்டுச் செல்கிறது. அணிகள் மட்டும் வேறு முறையில், மூலத்தையே ஒப்படைக்கும் முறையில் அனுப்பப்படுகின்றன என்று பாடங்களில் சொல்லித்தருவது விளைவை வைத்துக் காரணத்தைத் தவறாக ஊகிப்பதாகும். மதிப்பை அனுப்புவது என்ற ஒரே முறைதான் அங்கு நடக்கிறது, அந்த மதிப்பு ஒரு முகவரி என்பதே வேறுபாடு. பாயின்டராக மாறாமல் அணி அணியாகவே நிற்கும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று, ஒரு பொருள் எத்தனை பைட்டு என்று கேட்கும் சைஸ்ஆஃப் என்னும் செயலி. அணி பிறந்த இடத்தில் அச்செயலி அணியின் முழு அளவைச் சொல்லும். செயற்கூற்றுக்குள் சென்ற பின் கேட்டால் பாயின்டரின் அளவை, அன்றைய பி.டி.பி-11இல் 2 என்றும் இன்றைய பெரும்பாலான கணினிகளில் 8 என்றும் சொல்லும். கிரயப் பத்திரத்தில் வடகிழக்கு மூலைக்கல் நிற்கும் இடத்தை மட்டும் பதிந்து, நிலத்தின் விஸ்தீரணத்தை எழுதாமல் விட்டால், வாங்கியவர் எதுவரை உழலாம் என்பதை விற்றவரின் வாய்மொழியைக் கொண்டே அறியவேண்டியிருக்கும் அல்லவா. செயற்கூற்றின் நிலைமையும் அதுவே.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அணியின் அமைப்பை மாற்றக் காரணமாயிருந்த கட்டுருக்களை, ஆரம்ப காலச் சி மொழியில் செயற்கூற்றுக்கு முழுமையாக அனுப்ப முடியாது. பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் சி மொழி பற்றி 1978இல் வெளியிட்ட நூல், இந்தத் தடை நீங்கிவிடும் என்று அறிவித்தது. அவ்வாறே விரைவில் நீங்கிற்று. அதன் பின் கட்டுருக்கள் எண்களைப் போலப் பிரதியாகச் செல்லலாயின. கட்டுருவுக்குள் இருக்கும் அணியும் அதனோடு பிரதியாகிவிடுகிறது. தனியே சென்றால் முகவரியாகச் சுருங்கும் அதே அணி, கட்டுருவுக்குள் அடங்கிச் சென்றால் உறுப்புகள் அனைத்தோடும் முழுமையாகச் செல்வது, வந்த காலத்தின் முன்பின்னால் விளைந்த பேதமே தவிர, வேறு தத்துவம் எதுவும் அதற்குப் பின்னே இல்லை.

இதுவரை சொன்ன முடிவில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. குறை காணத்தக்கது அதன் அருகே நின்றுவிட்ட வேறொன்று. செயற்கூறு பெற்றுக்கொள்ளும் மதிப்புக்கு இடும் பெயரான அளபுருவை அறிவிக்கும்போது, பெயருக்குப் பின்னே வெறும் சதுர அடைப்புக்குறியை இட்டு, அணி போலவே தோன்றும்படி எழுதச் சி மொழி இடங்கொடுக்கிறது; அப்படி எழுதப்பட்டது அந்த ஓர் இடத்தில் மட்டும் பாயின்டர் என்றே கொள்ளப்படும். என்.பி. காலத்தில் பாயின்டரை அறிவிக்கும் முறையே அதுவாக இருந்தது. அணியின் பெயர் தனியறையாக இருந்த அந்நாளில் அதில் பொய்யும் இல்லை. அறை மறைந்த பிறகும் எழுத்துமுறை மறையவில்லை. பழைய நிரல்களைக் காப்பதற்காகவும், இங்கு வருவது தனியொரு எண்ணின் முகவரியன்று, ஓர் அணியின் முகவரி என்று படிப்பவருக்கு உணர்த்துவதற்காகவும் அதை விட்டுவைத்ததாகக் கூறும் ரிட்சி, கற்பவரைக் குழப்புவதில் அது கொண்ட பங்கும் சிறியதன்று என்று 1993இல் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணையே எழுதினாலும் கம்பைலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸின் கருப்பகுதியில் நுழைந்த நிரல் ஒன்று, இவ்வாறு அறிவிக்கப்பட்ட அளபுருவின் மேல் சைஸ்ஆஃபை நம்பிப் பிழைபட்டதை 2015இல் கண்ட, லினக்ஸைப் படைத்த லைனஸ் டோர்வால்ட்ஸ், அளபுருக்களை அணிபோல் எழுதும் வழக்கத்தையே கடுமையாகக் கண்டித்தார்; நாற்பதாண்டுகளுக்கு மேல் தேர்ந்த நிபுணர்களையும் இடறிவிட்டுவந்த ஒரு குறியீட்டைக் கண்டு ஒருவர் சினங்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

நீளம் உடன் செல்லாததால், அதை வேறு வழியில் தெரிவிக்கவேண்டிய தேவை மொழியின் ஒவ்வொரு மூலையிலும் தன் அடையாளத்தைப் பதித்திருக்கிறது. நிரலின் முதற் செயற்கூறான மெயினுக்கே, கட்டளை வரியின் சொற்கள் ஓர் அணியாகவும், அவற்றின் எண்ணிக்கை தனியாகவும் தரப்படுகின்றன. எழுத்துச் சரங்களுக்கோ வேறு உபாயம். பி.சி.பி.எல். ஒவ்வொரு சரத்தின் முதல் இடத்திலும் அதன் நீளத்தை எழுதிவைத்தது. தாம்சன் பி மொழியில் அதை நீக்கிச் சரத்தின் முடிவில் ஒரு விசேஷக் குறியை இட்டார். சி மொழியில் அந்தக் குறி சூனியமாயிற்று. நீளத்தை எழுதும் சிறிய இடம் சரத்தின் அளவுக்கே வரம்பு கட்டிவிடும் என்பதும், எண்ணிக்கையைப் பராமரிப்பதைவிட முடிவுக்குறி சௌகரியமானது என்று அனுபவத்தில் பட்டதும் இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். கோப்பகப் பதிவின் பதினான்கு எழுத்துப் பெயருக்கு மட்டும் இந்த உபாயமும் ஒத்துவரவில்லை; பெயர் சரியாகப் பதினான்கு எழுத்து நீண்டால் முடிவுக்குறிக்கு அங்கே இடமில்லை. அத்தகைய நிலையளவுள்ள பெயர்களுக்காகவே ஸ்ட்ரென்காப்பி என்னும் நூலகச் செயற்கூறு எழுந்தது. நிரப்பிய பின் முடிவுக்குறி இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும் என்ற அதன் போக்கு இன்றைய நிரலருக்கு அநியாயமாகத் தோன்றுவது, அது எந்தப் பதினாறு பைட்டுகளுக்காகப் பிறந்தது என்பது மறந்துபோனதால்தான்.

நீளத்தைக் கேட்காத செயற்கூறுகளுள் கெட்ஸ் என்பது மிகுந்த அபாயம் உடையது. ஒரு வரியைப் படித்துக் கொடுக்கும் அணியில் இடுவது அதன் வேலை. அணி எவ்வளவு பெரியது என்று கேட்கும் வழக்கம் அதற்கில்லை. 1988 நவம்பர் 2ஆம் தேதி இணையத்தில் பரவத் தொடங்கிய புழுநிரல், வாக்ஸ் கணினிகளில் பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சேவை ஒன்று 512 பைட்டு அணியை கெட்ஸிடம் ஒப்படைத்திருந்ததை அறிந்து, அதற்கு 536 பைட்டுகளை அனுப்பி, வழிந்த பைட்டுகளால் அச்சேவையையே தன் ஆக்ஞைக்குக் கீழ்ப்படுத்திக்கொண்டது. மேலதிகமான 24 பைட்டுகள் அந்நாளைய இணையத்தைப் பல நாள் கலக்கின. அதன் பின்னும் கெட்ஸ், சி மொழியின் அதிகாரபூர்வ வரையறையான நியமத்தில் நீடித்தது. 2011ஆம் ஆண்டின் நியமமே அதை நீக்கியது. ஒரு பிழையை அறிந்ததற்கும் அகற்றியதற்கும் இடையே இருபத்து மூன்று ஆண்டுகள் கடந்தன என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

எனினும் நீளத்தை வகையோடு பிணைத்துவைத்த மொழி என்ன பாடுபட்டது என்பதையும் பார்த்தால்தான் நியாயம் வழங்க முடியும். நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கலில் அணியின் அளவு அதன் வகையின் ஓர் அங்கம். பத்து எண்களின் அணியும் இருபது எண்களின் அணியும் வெவ்வேறு வகைகள். ஆகவே எந்த அளவு அணியையும் வரிசைப்படுத்தும் ஒரே செயற்கூற்றை அம்மொழியின் மூல வடிவத்தில் எழுதவே முடியாது. நிரற்கருவிகள் பற்றிய தம் நூலைப் பாஸ்கலில் திரும்ப எழுதிப் பார்த்த பிரையன் கெர்னிகன், 1981இல் அம்மொழி ஏன் தமக்கு உவப்பானதன்று என்று எழுதிய கட்டுரையில் இதையே தலையாய குறையாக வைத்தார். பாஸ்கலின் நியமம் பின்னால் இதற்குப் பரிகாரம் கண்டது. பாஸ்கல் மாட்டிக்கொண்ட அதே சங்கடத்தைச் சி மொழியும் ஓரிடத்தில் அனுபவிக்கிறது. கெர்னிகன், ரிட்சி நூலில் மாதங்களின் நாட்களைத் தரும் அட்டவணை, சாதாரண ஆண்டுக்கு ஒரு வரியும் லீப் ஆண்டுக்கு ஒரு வரியுமாக, இரண்டு வரிகளும் பதின்மூன்று பத்திகளும் கொண்டது. அதைச் செயற்கூற்றுக்கு அனுப்பும்போது வரிகளின் எண்ணிக்கையை விட்டுவிடலாம், பத்திகளின் எண்ணிக்கையை விடமுடியாது. அடுத்த வரி எத்தனை உறுப்புகளுக்கு அப்பால் தொடங்குகிறது என்று தெரிந்தாலன்றி முகவரியைக் கணக்கிட இயலாது. எந்த அளவு அட்டவணையையும் ஏற்கும் கணிதச் செயற்கூறுகளைச் சி மொழியில் எழுத விரும்பியவர்கள் இதனால் பட்ட சிரமம் கொஞ்சமன்று. ஃபோர்ட்ரானை விட்டு அவர்கள் வர மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பரிகார முயற்சிகளில் முக்கியமான ஒன்று மொழியைப் படைத்தவரிடமிருந்தே வந்தது. அமெரிக்க நியமம் 1989இல் நிறைவேறிய மறு ஆண்டு, தன் நீளத்தைத் தானே சுமந்துசெல்லும் ஒரு வகைப் பாயின்டரைச் சேர்க்கலாம் என்று ரிட்சி எழுதினார். மொழி அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் அடுத்த தலைமுறையின் துன்பங்களில் பெரும்பங்கு குறைந்திருக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம். 1999ஆம் ஆண்டின் நியமம் வேறு வழியில் சென்று, எண்ணிக்கையை முன்னால் ஓர் அளபுருவாகக் கொடுத்து, அதையே பின்வரும் அணியின் அளவாக எழுத அனுமதித்தது. இருபரிமாண அட்டவணைகளின் சங்கடம் இதனால் தீர்ந்தது. அதே நியமம், அளபுருவின் அடைப்புக்குறிக்குள் ஸ்டாட்டிக் என்ற சொல்லோடு ஓர் எண்ணை எழுதினால், குறைந்தது அத்தனை உறுப்புகளாவது வரும் என்று அழைப்பவர் உறுதிகூறுவதாகக் கொள்ளலாம் என்றும் வகுத்தது. 2009இல், டி மொழியை வகுத்த வால்டர் பிரைட், அணி பாயின்டராகச் சுருங்குவதையே சி மொழியின் ஆகப்பெரிய பிழை என்று கூறி, நீளத்தோடு செல்லும் அணியளபுருவுக்கு ஒரு குறியீட்டை முன்மொழிந்தார். 2011ஆம் ஆண்டின் நியமமோ, 1999ஆம் ஆண்டின் நியமம் கொடுத்த மாறும் அளவு அணிகளையே கம்பைலர் விரும்பினால் விட்டுவிடலாம் என்று தளர்த்தியது. சி23 எனப்படும் அண்மைய நியமம், அளபுருக்களில் அவை தோன்றும் வகையை மட்டும் மீண்டும் கட்டாயமாக்கியிருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1983இல், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 4.2 பி.எஸ்.டி. என்னும் யூனிக்ஸ் வடிவம் வெளிவந்தது. அதன் புதிய கோப்பமைப்பில் கோப்பின் பெயர் 255 எழுத்துகள் வரை நீளலாம். பழைய பதினாறு பைட்டு எல்லையை விட்டு, கோப்பகப் பதிவுகள் பெயருக்கு ஏற்ற அளவில் அமைந்து, ஒவ்வொன்றும் தன் நீளத்தையும், தன்னுள் உள்ள பெயரின் நீளத்தையும் தானே எழுதி வைத்துக்கொள்கின்றன.